காணாமற்போன நூறு மில்லிமீட்டர்

லான்செஸ்டன்,
மூன்றாம் பருவ விடுமுறை, இரண்டாம் செவ்வாய்.

மதிப்பிற்குரிய 'இழைப்புளி' இதழாசிரியர் ராய்ஸ்டன் சக் அவர்களுக்கு,

இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாகிவிட்டது. இனி முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். இங்கு நான் நலம். தாங்களும் தங்கள் துணைவியாரும், போன பருவத்தில் மூச்சை நிறுத்திக்கொண்ட தங்கள் பட்டறையின் தூசி உறிஞ்சியும் நலமென்று நம்புகிறேன். நான் யார் என்பது முக்கியமில்லை. டாஸ்மேனியா வடிவமைப்பு, தொழில்நுட்ப ஆசிரியர் சங்கத்தில் பத்தொன்பது வருடமாக உறுப்பினன். ஆண்டுக் கூட்டம் முடிந்து, மேடையில் பேசியவர்கள் எல்லோரும் பீர் குடிக்கப் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கி வைக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தோண்ட வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பாததற்குக் காரணமும் அதுதான். மின்னஞ்சலில் நாம் சும்மா இருந்தாலும் பெயர் தானாக மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை சங்கத்தின் புதிய கையேட்டை அச்சுக்கு அனுப்பப்போகிறீர்கள். அதன் பிழைதிருத்தப் பிரதி எப்படியோ என் கைக்கு வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில், "முழு அளவுப் படம் ஒவ்வொன்றிலும் நூறு மில்லிமீட்டர் நீளச் சரிபார்ப்புக் கோடு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இது வைனி கோடு எனப்படும்" என்று போட்டிருக்கிறீர்கள். முதல் வாக்கியத்தில் எனக்கு ஆட்சேபமில்லை. இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். ஏன் எடுக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். இந்தக் கடிதம் இதழில் அச்சானால் புது உறுப்பினர்களும் படிப்பார்கள், ஆகையால் உங்களுக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கத்துக்கு அலுவலகம் கிடையாது, சம்பளத்துக்கு ஓர் ஆள் கிடையாது. பகல் முழுக்க ஒன்பதாம் வகுப்பின் விரல்கள் ரம்பத்துக்குள் போய்விடாமல் பார்த்துக்கொண்டுவிட்டு, சாயங்காலம் உடம்பில் மிச்சமிருக்கும் உயிரை வைத்து நாமே நடத்துகிற சங்கம். பதினான்கு வருடம் அது கிளெனிஸ் வைனியின் கார் கொட்டகையில், இரண்டு அட்டைப்பெட்டிகளிலும் ஒரு கெட்டிலிலுமாகக் குடியிருந்தது. கிளெனிஸ் இங்கே தாமர் ஆற்றங்கரைப் பள்ளி ஒன்றில் மரவேலையும் வரைபடமும் சொல்லிக்கொடுப்பவர். அவர் செயலாளரான விதம் பழைய ஆட்களுக்குத் தெரியும். தேர்தல் நேரத்தில் எல்லோருக்கும் தேநீர் போட எழுந்து போனார். தட்டோடு திரும்பி வந்தபோது செயலாளராகியிருந்தார். அன்றிலிருந்து நம் கூட்டங்களில் தேர்தல் முடியும்வரை, எவ்வளவு அவசரமானாலும், ஒருவரும் இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை.

சங்கத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. மூலை இணைப்புகளைப் பற்றி நான் எழுதிய நான்கு பக்கக் கட்டுரையை அரைப் பக்கமாக நறுக்கி, மிச்ச இடத்தில் மரப்பசை விளம்பரம் போட்டீர்கள். வருடாந்தரக் கொட்டாப்புளி விருதை, சாவிக்கொத்தில் தொங்கவிடுகிற மர மீன் ஒன்றைச் செய்த பர்னி ஊர்க்காரருக்குக் கொடுத்தீர்கள்; அந்த மீனுக்கு ஒரு பக்கம்தான் கண் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், பதினொரு சாயங்காலம் உட்கார்ந்து நான் வரைந்த கருவிப்பெட்டிப் படத்தின் அடியில் "படம்: குழுவினர்" என்று வந்தது. குழுவினர் ஒரு கோடு போடவில்லை. குழுவினர் பிஸ்கெட் சாப்பிட்டார்கள், நான் கொண்டுவந்த இஞ்சி பிஸ்கெட்டையும் சேர்த்து. இதையெல்லாம் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. அடுத்து நான் சொல்லப்போகும் ஓர் உறுப்பினருக்கும் ஏறக்குறைய இதே குறைகள்தான் இருந்தன என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் ஒரே ஒரு படம் வரைந்து 'இழைப்புளி'யில் போடுவோம். டாஸ்மேனியாத் தீவில் உள்ள எல்லாப் பள்ளிகளும் அதே பொருளைச் செய்து ஆண்டுக் கூட்டத்துக்கு எடுத்து வர வேண்டும். படம் முழு அளவில் இருக்கும். அதை மரத்தின் மேல் அப்படியே ஒட்டி, கோட்டின் மேலேயே அறுத்துக்கொள்ளலாம், அளக்கிற வேலை கிடையாது. ஆபத்தும் அதுதான். தாள் சுருங்கினால் பொருளும் சுருங்கிவிடும். வரைவது ஏ3 தாளில். நம் இதழோ அதில் பாதி. ஆகவே படத்தில் காலியாக இருக்கும் இடத்தில், சில வருடம் நடுவிலும் சில வருடம் ஓரத்திலும், ஒரு கோடு போட்டு, "இது நூறு மில்லிமீட்டர் இல்லையென்றால் அறுக்காதே" என்று எழுதியிருப்போம். ஆசிரியர்கள் அளப்பார்கள், எழுபத்தொன்று என்று வரும், முணுமுணுத்துக்கொண்டே பெரிதாக்கி அச்சடிப்பார்கள். அந்தக் கோடு தன் வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்துவந்ததால், அது வேலை செய்கிறது என்பதே யாருக்கும் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஹுவான் ஆற்றங்கரையில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துத் தோட்டத்துக்கு ஸ்டூல்கள் செய்து கொடுப்பதென்று முடிவாயிற்று. படத்தை வரைந்தவர் மேற்படி உறுப்பினர். நானூறு மில்லிமீட்டர் உயரப் பக்கப்பலகை, கீழே இரண்டு காலுக்கும் நடுவில் அழகான ஒரு வளைவு. பலகை தாளையே நிரப்பிவிட்டதால் காலியிடம் என்று இருந்தது அந்த வளைவுக்குள் மட்டும்தான். அங்கே நூறு மில்லிமீட்டர் கோடு இருந்தது. வரைந்தவர் பெயர் தாளின் அடியில், எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற அளவில் இருந்தது. அவர் வளைவைப் பார்த்தார். கருவிப்பெட்டியை நினைத்தார். 'குழுவினர்' என்ற சொல்லை நினைத்தார். ஆசிரியர்களாகப்பட்டவர்களுக்கு அளக்கக்கூடவா தெரியாது என்று தனக்குள் ஒரு நியாயம் பேசிக்கொண்டார். பிறகு ரப்பரை எடுத்து அடியில் இருந்த குட்டிப் பெயரையும் அந்தக் கோட்டையும் அழித்துவிட்டு, கோடு இருந்த இடத்தில் தன் பெயரை, வளைவுக்கு ஏற்ப வளைத்து, பதினான்கு மில்லிமீட்டர் உயர எழுத்தில் எழுதினார். முப்பத்தொரு பட்டறைகளில் தன் பெயர் மரத்தின் மேல் ஒட்டப்படும் என்று நினைத்து அன்றைக்குச் சாப்பாடுகூட ருசியாக இருந்தது அவருக்கு.

கிளெனிஸ் அந்தத் தாளை வாங்கி, ஸ்கேன் செய்து, ஓரத்தை வெட்டி, இதழின் பக்கத்துக்கு அடக்கிப் போட்டார். தாளைத் திருப்பியும் கொடுத்தார். ஸ்மித்டன் ஊர் ஆசிரியை ஒருவர், "கொஞ்சம் குட்டையாக இருக்கிறதே?" என்று கிளெனிஸுக்கு எழுதிக் கேட்டார். கிளெனிஸ் அதை வரைந்தவருக்கு அனுப்பினார். வரைந்தவர் என்ன பதில் போட்டார் தெரியுமா? "படம் சரியாக இருக்கிறது. அறுக்கிற கையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்." இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது.

ஆண்டுக் கூட்டத்தன்று கேம்ப்பெல் டவுன் மண்டபத்தில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். ஒவ்வொரு ஆசிரியரும் காரிலிருந்து போர்வை போட்டு மூடித்தான் ஸ்டூல்களை இறக்கினார்கள், ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி. தாங்கள் மட்டும்தான் குட்டையாகச் செய்துவிட்டோம் என்று ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் உதறல். மண்டபத்துக்குள் வந்து மற்றவர்களுடையதும் அதே உயரம் என்று பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா, உன்னுதும் இப்படித்தானா? நான் பயந்தே போயிட்டேன்ப்பா."

"இப்படித்தான் இருக்கணும் போல. வயசானவங்க விழுந்தாலும் அடி படாதுல்ல."

முப்பது பள்ளி, பள்ளிக்குப் பன்னிரண்டு. முந்நூற்று அறுபது ஸ்டூல்கள், முழங்காலுக்கு நன்றாகக் கீழே, வரிசையாக. ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி மெருகேற்றப்பட்டு. அந்த நேரத்தில்தான் மேற்குக் கரையிலிருந்து குவீன்ஸ்டவுன் பள்ளி ஆசிரியர் லீத் தன் பன்னிரண்டோடு உள்ளே வந்தார். அவருடையது மட்டும் முழங்கால் உயரம். மண்டபமே சிரித்தது.

"என்ன லீத், ஒட்டகச்சிவிங்கிக்கா செஞ்சே?"

"அவங்க ஊர் மழையிலே நனைஞ்சு வளந்திருக்கும்டா!"

பாவம், லீத் காதுவரை சிவந்துபோனார். "எங்க பள்ளிக்கூடத்துல சின்னத் தாள் தீந்து போச்சுப்பா. பெரிய தாள்தான் இருந்துச்சு, அதுலயே அச்சடிச்சேன், படமும் பெருசாயிடுச்சு. தப்பாயிடுச்சு. இருங்க, இல்லத்துக்காரங்க வர்றதுக்குள்ள காலை வெட்டிடறேன்" என்றார். நம் சங்கத்தில் ரம்பத்துக்கா பஞ்சம்? ஒன்பது பேர் நீட்டினார்கள். தீவிலேயே சரியான அளவில் இருந்த பன்னிரண்டு ஸ்டூல்களில் நான்கின் கால்களை, சரியாகச் செய்த மனிதரே, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அறுத்துத் தள்ளினார். அகலமான இருக்கைக்குக் கீழே குட்டைக் கால்களோடு அவை நான்கும் வாத்து மாதிரி நின்றன. அறுக்கும்போது பலகை ஆடாமல் பிடித்துக்கொண்டது நான்.

சரி. எழுதியாகிவிட்டது, இனி மாற்ற மாட்டேன். அந்த உறுப்பினர் நான்தான். என் பள்ளி ஸ்டூல்களையும் மாணவர்கள் இதழ்ப் படத்தை வைத்தே அறுத்தார்கள்; நான் என் பெயரைப் பார்த்தேனே தவிர உயரத்தைப் பார்க்கவில்லை. லீத்தின் ஸ்டூலைப் பார்த்த அந்த நொடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் படம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? விளங்கியும் நான் சொன்னது, "கொஞ்சம் இடதுபக்கம் சாய்ச்சு அறு லீத்" என்பதுதான்.

அப்புறம் இல்லத்து நிர்வாகியோடு, அங்கே தங்கியிருக்கும் கிளெம் டாப்சன் வந்தார், படகு கட்டி ஓய்வு பெற்றவர். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. "உக்காந்தாச்சு. எந்திரிக்க வைக்கறதுக்கு இன்னொரு சங்கம் இருக்கா?" என்றார். நாலு பேர் தூக்கினோம். அவர் சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்து அளந்து, "இருநூத்தி எண்பத்தி மூணு. பெரிய தாள் படத்தைச் சின்னத் தாள்ல போட்டிருக்கீங்க. ஏன் சார், ஒருத்தருக்கும் அளந்து பாக்கணும்னு தோணலையா?" என்று கேட்டார். அளக்கக் கற்றுக்கொடுக்கிற முப்பத்தொரு ஆசிரியர்களும் தரையைப் பார்த்தோம்.

யாருடைய தவறு என்ற பேச்சு எழுந்தது. படம் சரி, பெரிய தாளில் நானூறுதான், அதை லீத் நிரூபித்துவிட்டார். அப்படியானால் கோடு எங்கே? கிளெனிஸ் எழுந்து நின்றார். "எப்பவும் கோடு இருக்கும். இந்தத் தடவை ஓரத்துல போட்டிருப்பாங்க, நான்தான் ஓரத்தை வெட்டும்போது சேத்து வெட்டிட்டேன் போல. என் தப்புதாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "அசல் தாள் உங்கிட்ட இருக்காப்பா? பாத்துடலாமே" என்று கேட்டார். "பழைய தாளோட போயிடுச்சு கிளெனிஸ்" என்றேன். போகவில்லை. என் மேசையின் மூன்றாவது இழுப்பறையில் இருந்தது. ஸ்மித்டன் ஆசிரியையின் கேள்வியையும் அதற்கு நான் போட்ட பதிலையும் கிளெனிஸ் சபையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்திருப்பார். அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

அவர் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். பிரிவு உபசார விழாவில் அந்தக் குட்டை ஸ்டூல் ஒன்றையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தோம், எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். நான் பேசினேன். "சிறு தவறுகளை மன்னிப்பதே ஒரு சங்கத்தின் பெருந்தன்மை" என்றேன். கைதட்டினீர்கள். அடுத்த செயலாளர் யார் என்றபோது எல்லோரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். நான் மட்டும் கைதட்டல் முடிந்துவிட்டதா என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மாட்டிக்கொண்டேன். இப்போது இரண்டு அட்டைப்பெட்டிகளும் கெட்டிலும் என் வீட்டில். மிச்ச முந்நூற்று அறுபத்து மூன்று குட்டை ஸ்டூல்களும் மழலையர் பள்ளிகளுக்குப் போய்விட்டன. அங்கே அவற்றுக்கு ஏக மரியாதை. வெட்டுப்படாமல் தப்பிய லீத்தின் எட்டும் அந்த இல்லத்துத் தோட்டத்தில் இருக்கின்றன. முறைவைத்து உட்காருகிறார்களாம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். போன சனிக்கிழமை மரக்கடைக்குப் போனேன். பலகை அறுக்கிற ஆள் என் பலகையைக் குறைத்து அறுத்துவிட்டான். பக்கத்தில் நின்ற இன்னொருவன், "போச்சுடா, வைனி பண்ணிட்டே!" என்றான். என் பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பினால், கையில் கீல் பொட்டலத்தோடு கிளெனிஸ்.

"வைனின்னா யாருன்னு தெரியுமா தம்பி?" என்று அவனைக் கேட்டார்.

"யாருமில்லீங்க, அது ஏதோ ஒரு அளவுங்க. எங்க பள்ளிக்கூடத்துல சொல்லுவாங்க."

முப்பத்தொரு பட்டறையிலும் என் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் அல்லவா? பெயர் இருக்கிறது. என்னுடையது இல்லை. என் தவறுக்கு அவருடைய பெயர்.

வெளியே கார் நிற்கிற இடத்தில் அவர் சொன்னார்: "பேர் போனா போகட்டும்ப்பா. அந்தக் கோட்டை எங்க தொலைச்சேன்னுதான் தெரியல. ஸ்கேன் பண்ணினது ஞாபகம் இருக்கு. ஓரத்தை வெட்டினது ஞாபகம் இருக்கு. கோட்டைப் பாத்த ஞாபகமே இல்ல. கண்ணு முன்னாடி இருந்ததைப் பாக்காமலேயா வெட்டுவேன்? பழைய கோப்பெல்லாம் தேடிப் பாத்துட்டேன். எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் மறதி ஆரம்பிச்சுது."

"டாக்டர்கிட்டக் காட்டினியா?"

"காட்டினேன். ஒண்ணுமே இல்லேன்னாரு. அவருக்கு ஸ்டூல் விஷயம் தெரியாதுல்ல." சிரித்தார். "பள்ளிக்கூடத்தை விட்டுடலாம்னு இருக்கேன். பிள்ளைங்களை ரம்பத்துக்கு முன்னாடி நிக்க வச்சுட்டு நான் எதையாவது மறந்து நின்னா என்ன ஆகறது? திங்கக்கிழமை தொறந்ததும் லெட்டர் குடுத்துடுவேன்."

ராய்ஸ்டன், அவரைவிட நல்ல ஆசிரியை இந்தத் தீவில் கிடையாது. பொறாமைக்காரனான நானே சொல்கிறேன். "கிளெனிஸ், அந்தக் கோடு..." என்று ஆரம்பித்தேன். "சொல்லு" என்றார். "இந்தக் கடையில கீல் நல்லாத்தான் இருக்கு, கூடக் குடுக்கற திருகாணிதான் மட்டம்" என்று முடித்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஐம்பத்திரண்டு வயது, இரண்டு பட்டம், திருகாணியைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகவே கேட்டுக்கொள்வது இரண்டு. கையேட்டிலிருந்து 'வைனி கோடு' என்பதை எடுத்துவிடுங்கள். இன்னொன்று அதைவிட அவசரம்: இந்தக் கடிதம் கிடைத்த உடனே, திங்கள்கிழமைக்கு முன்னால், கிளெனிஸைக் கூப்பிட்டு இதை முழுக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் எதையும் மறக்கவில்லை. பார்த்த ஞாபகம் இல்லையென்றால், பார்க்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

தங்களுக்கும் தங்கள் மாணவர்களுக்கும் பத்து விரல்களும் என்றும் பத்தாகவே நிலைத்திருக்க வாழ்த்தும்,

ஓர் உறுப்பினர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஒரு ஞாபகம் வந்தது. பெயரில்லாத கடிதங்களை 'இழைப்புளி' வெளியிடாது, படிக்காமலே கிழித்துப் போடும் என்று போன வருடம் ஒரு விதி வந்ததே, அதைக் கொண்டுவந்த செயலாளர் நான். மர மீனைப் பற்றி யாரோ பெயரில்லாமல் எழுதிய கடிதம் ஒன்றால் வந்த விதி அது. அந்தக் கடிதத்தை எழுதியதும் நான்தான். ஆகவே நீங்கள் கிழித்துவிடாமல் இருக்க, சாட்சிக்கு அசல் படத்தையே இத்துடன் வைக்கிறேன். பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு அனுப்பலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அழித்த கோட்டின் தடம் இன்னும் தெரிகிறது, என் பெயரின் எழுத்துகளுக்கு நேர் அடியில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. அளந்தும் பார்த்தேன், சரியாக நூறு. பெயரை வெட்டினால் கோடும் போய்விடும். கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். படத்தைச் சுருக்காமல் போடுங்கள். கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. என் பெயர்தான் படத்திலேயே, பதினான்கு மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறதே. இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.